உம்மா வாடகைக்கு எடுத்த குரல்

மகன், உனக்கும் உன் அறையில் உன்னோடு தங்கியிருக்கும் கூட்டாளிப் பிள்ளைகளுக்கும் என் சலாம். போன வெள்ளிக்கிழமை நீ வாட்ஸப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாய். "வாப்பா, உம்மாட டெப்புல இரிக்கிற அந்த மியூசிக் ஆப்புக்கு இன்னும் மாசாமாசம் காசு வெட்டுறாங்க. அது இனித் தேவையா? நிப்பாட்டவா?" நான் உடனே "ஓம், நிப்பாட்டு" என்று பதில் போட்டேன். நீயும் ஒரு பெருவிரலை அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விட்டாய். காரியம் அவ்வளவில் முடிந்தது. எனக்குத்தான் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. எதை நிறுத்தினாய் என்று உனக்குத் தெரியாது. உனக்குத் தெரியக்கூடாது என்று உன் உம்மா விரும்பினாள். அவள் ஹயாத்தோடு இருந்தவரை நான் அதைக் காப்பாற்றினேன். குரல் பதிவாகச் சொல்லிவிடலாம் என்று போனைப் பிடித்துப் பார்த்தேன். பாதியில் நிறுத்தி அழித்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, ஆறுதலாக வாசி.

உன் உம்மாவின் வாய் கல்முனைக்குடி முழுக்கத் தெரிந்த வாய். முன்னறையில் அலுமாரி நிறைய அபாயாவும் சாரியும் வைத்து விற்றாள் என்று சொல்கிறோமே, உண்மையில் பெண்கள் வந்தது அவளோடு கதைக்கத்தான். துணி அதற்கு ஒரு சாட்டு. என் ஹாட்வெயார்க் கடையிலிருந்து நான் பகல் சாப்பாட்டுக்கு வந்தால் ஒழுங்கைத் திருப்பத்திலேயே அவள் குரல் கேட்கும். நீ தோஹாவுக்குப் போன பிறகு உன் அழைப்பு வந்தால் போன் என் கைக்கு வரவே வராது. "வாப்பா சுகமா இரிக்கார், நீ சாப்பிட்டியா?" என்று என் பங்கையும் அவளே கதைத்து முடிப்பாள். நானும் அதை வசதியாக எடுத்துக்கொண்டு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் விழுந்த காலை உனக்குத் தெரியும். சுபஹு தொழுதுவிட்டு ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். வலது கையும் காலும் போனதையும், பேச்சு போனதையும் சொன்னேன். பேச்சு எப்படிப் போனது என்பதை நான் உனக்கு விவரமாகச் சொல்லவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவளுக்கு விளங்கியது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் சொல் வராது. தொண்டையிலிருந்து ஒரு கரகரப்பு மட்டும் வரும். அதைக் கேட்டு அவளுக்கே வெட்கம் வந்து இடது கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். பிறகு வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாள். எழுதிக் காட்டலாமே என்று பேனையைக் கொடுத்தோம், எழுத்தும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ், காரைதீவுப் பிள்ளை, என்னை வெளியே கூப்பிட்டு, "அவவுக்கு எல்லாம் விளங்குது, ஐயா. சொல்லைத் தேடி எடுக்கிற இடத்திலதான் அடி பட்டிருக்கு. அவவோட கதைக்கிறதை மட்டும் விட்டிராதீங்க" என்றாள். நான் கதைத்தேன். ஆயுசில் கதைக்காத அளவு கதைத்தேன். பதில் வராத வீட்டில் ஒருவன் தனியே எவ்வளவு கதைப்பது, மகன்? கடையைக் கைமாற்றிவிட்டு வீட்டிலிருந்த அந்த மாதங்களில் சிலநேரம் ரேடியோவில் விலை சொல்லும் ஆளைப்போல வெறுமனே சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றும்.

நீ தொடுதிரை டெப் ஒன்று அனுப்பினாய், அல்லாஹ் உனக்கு பரக்கத் செய்யட்டும். அதில் படத்தைத் தொட்டால் பேசும் ஆப் ஒன்றும் போட்டிருந்தாய். தண்ணீர்க் குவளையின் படத்தைத் தொட்டால், "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று இந்தியாப் பக்கத்துப் பெண் ஒருத்தி அழகாகச் சொன்னாள். உன் உம்மா அதை ஒருதரம் தொட்டாள். கேட்டாள். இன்னொரு தரம் தொட்டாள். பிறகு டெப்பை மெதுவாக என் பக்கம் தள்ளிவிட்டு முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டாள். நான் கெஞ்சியும் பார்த்தேன், கோபித்தும் பார்த்தேன். அவள் அதற்குப் பிறகு அந்தப் படங்களைத் தொடவே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கோப்பையைத் தட்டுவாள். அது போதும் என்றிருந்தாள்.

உன் கணக்கில் திறந்த டெப் என்பதால் நீ முன்னர் இறக்கி வைத்திருந்த விளையாட்டுச் சாமான்களும் அதில் வந்து கிடந்தன. அதில் ஒன்று சிந்தசைசர், விரலால் தொட்டால் வாத்தியம்போல் சத்தம் போடும் ஆப். பழைய காலத்து மிஷினின் சத்தத்தை அப்படியே செய்திருக்கிறார்கள், கொஞ்சம் ஆடும், கொஞ்சம் பிசகும், அதனால்தான் அதில் உயிர் இருக்கும் என்று ஓ/எல் சோதனை எடுத்த காலத்தில் நீ எனக்கு விளக்கப் பார்த்ததுண்டு. நான் காது கொடுக்கவில்லை. ஒருநாள் பகல் அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்கிறேன். முன்னறையிலிருந்து உன் உம்மா, "இஞ்சாருங்க" என்று கூப்பிட்டாள். "வாறன், வாறன், கஞ்சிய இறக்கிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அகப்பையோடு ஓடினேன். டெப் அவள் மடியில் கிடந்தது. திரையில் ஒரு பெரிய சதுரம். அதன்மேல் அவள் இடது கையின் சுட்டுவிரல். என்னைப் பார்த்துக்கொண்டே விரலைத் திரும்ப இழுத்தாள். கீழே தொடங்கி, நடுவில் கொஞ்சம் நின்று, கடைசியில் மேலே தூக்கி விட்டாள். சொல் எதுவும் இல்லை. ஆனால் அது "இஞ்சாருங்க" தான். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் என்னைக் கூப்பிட்ட அதே இழுவை. கஞ்சி அடிப்பிடித்து மணந்தது. நாங்கள் இரண்டு பேரும் போய் இறக்கவில்லை.

அந்த ஆப் இலவசம் என்பதால் அதற்கு ஒரு கேடு இருந்தது. அவள் எதையாவது சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரை மாறி, யாரோ ஒருவன் ஏதோ விளையாட்டை இறக்கச் சொல்லிக் கத்துவான். அவன் கத்தி முடியும்வரை அவள் விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பாள். கதைக்கும் வாயைப் பொத்துவது மாதிரி அது எனக்குப் பட்டது. காசு கொடுத்து நல்லதாக ஒன்று வாங்குவோம் என்று தேடத் தொடங்கினேன். ஹாட்வெயார்க் கடையில் ஆயுசு முழுக்க இருந்தவன் நான். குழாய் வாங்க வருபவனிடம் என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரியும்: அசையும் பாகம் குறைந்ததை எடு, பளபளப்பைப் பார்க்காதே. இங்கேயும் அப்படித்தான் பார்த்தேன். ஒன்று மெயின் சுவிச் பெட்டியைத் திறந்ததுபோல வயரும் ஓட்டையுமாக இருந்தது. ஒன்றில் ஓகன் வாத்தியத்தைப்போல் கட்டைகள் மட்டும். ஒவ்வொரு கட்டையும் ஒரு படி, படியில் ஏறி இறங்கலாம், வழுக்க முடியாது. மனிசர் பேச்சு வழுக்கித்தான் போகிறது என்பதை நான் அந்த வயதில்தான் கவனித்தேன். அவளுக்கு வேண்டியிருந்தது எளிய சாமான். ஒரு சதுரம். விரல் இடமிருந்து வலம் போனால் சத்தம் ஏற வேண்டும். விரல் கீழே இருந்தால் வாயை மூடிக்கொண்டு முனகுவதுபோல் அடைத்து வர வேண்டும். மேலே போகப் போக வாயைத் திறப்பதுபோல் விரிய வேண்டும். அவ்வளவுதான். அப்படி இரண்டு கிடைத்தன. ஒன்று, ஒரே தரம் காசு கொடுத்தால் நம்முடையது. மற்றது மாதாமாதம் கட்ட வேண்டியது.

ஒரே தரம் கொடுப்பதைத்தான் நான் விரும்பினேன். வாடகைச் சாமானில் எனக்கு எப்போதும் நம்பிக்கை இல்லை. பரீட்சித்துப் பார்க்கத் தந்த நாட்களில் இரண்டையும் அவள் மடியில் வைத்தேன். முதலாவதைத் தொட்டாள். காதுக்குள் நுளம்பு நுழைந்ததுபோல் மெல்லிய சத்தம். முகத்தைச் சுளித்தாள். இரண்டாவது கனத்த சத்தம். இரண்டு பேர் ஒன்றாகக் குரல் கொடுத்து, ஒருவர் சற்றே பிசகியதுபோல் லேசாக நடுங்கியது. அவள் பொத்தான்களைத் திருகித் திருகி அதை இன்னும் தடிப்பாக்கி, இன்னும் கீழே இறக்கி, ஓரிடத்தில் நிறுத்தினாள். தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டாள். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாளே, அந்த முகம். பிறகு என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். மாதக்காசு என்று நான் சொன்னதும் விரலைச் சதுரத்தில் வைத்து, மேலிருந்து கீழே வெட்டி இழுத்தாள். "இருந்தாலென்ன" என்று அர்த்தம். விலை விஷயத்தில் அவளோடு நான் எப்போது வென்றேன்?

உன்னிடம் காசு கேட்க அழைத்த அன்று என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? வீடியோவில் உன் முகம் வந்தது. "மகன், உம்மாக்கு அந்தச் சத்தம் வாற ஆப் ஒண்டு வாங்கணும்" என்றேன். "அது என்னத்துக்கு வாப்பா?" என்று நீ கேட்டாய். சொல்லத்தான் வாயெடுத்தேன். உன் உம்மா என் முழங்கையைப் பிடித்தாள். இறுக்கி, நகம் படப் பிடித்தாள். நான் அவளைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். "சும்மா, பொழுதுபோக" என்று சொல்லிவிட்டேன். நீ சந்தோஷப்பட்டாய். "உம்மா மியூசிக் பழகுறாவா! எங்க, ஒருக்கா வாசிங்க உம்மா" என்று சொல்லி அறையில் இருந்த பிள்ளைகளையும் கூப்பிட்டாய். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு விரலை வைத்து இழுத்தாள். மேலே தொடங்கி, இரண்டு வளைவு வளைந்து, நீளமாகக் கீழே வந்து நின்றது. நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். "உம்மா நல்லா வாசிக்கிறா" என்றாய். மகன், அது பாட்டு இல்லை. நீ வெளியே விளையாடும் நேரத்தில் வாசலில் நின்று உன்னைச் சோறு தின்ன வரச்சொல்லிக் கூப்பிடுவாளே, அது.

ஏன் மறைத்தாள் என்று நான் கேட்டேன். அவள் விரலைச் சதுரத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் நினைத்தது இதுதான். உன் காதில் அவளுடைய பழைய குரல் இருந்தது. அதன்மேல் இது விழுந்து மூடக்கூடாது என்று நினைத்திருப்பாள். இன்னொன்றும் உண்டு. தெரிந்தால் நீ வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாய் என்று பயந்தாள். வந்திருப்பாய்தானே? அதனால் நீ மாதாமாதம் கட்டினாய், உம்மா பொழுதுபோக்குகிறாள் என்ற எண்ணத்தோடு. அவள் உன் காசில் கதைத்தாள்.

அந்த நாட்களில் எல்லாமே இருட்டு என்று நினைத்துவிடாதே. மீன்காரர் சைக்கிளில் வந்தால் அவள் வாசற் கதிரையில் டெப்போடு இருப்பாள். "பாரை இரிக்கி ராத்தா, இப்பதான் ஒலுவில் துறையில இறக்கினது" என்று சொல்லி அவர் விலையைச் சொன்னதும், சதுரத்தின் உச்சியிலிருந்து ஒரே இழுவையாகக் கீழே விழுத்துவாள். மீன்காரர் முதலில் பயந்தார். பிறகு பழகிவிட்டார். "என்ன ராத்தா, மீனைப் பாக்காமலே இப்பிடித் திட்டுறீங்க? சரி, ஒங்களுக்காகக் குறைச்சுத் தாறன்" என்பார். அவள் சின்னதாக, மூடிய சத்தத்தில், இரண்டு தட்டுத் தட்டுவாள். அது சிரிப்பு. எனக்கும் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் பிடிபட்டது. பல தரம் பிழைவிட்டேன். கதவைச் சாத்தச் சொன்னபோது தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். குளிரில் நடுங்கிக்கொண்டே அவள் அதைக் குடித்தாள். சில பின்னேரங்களில் விரலைச் சதுரத்தின் இடதுபக்க அடிமூலையில் வைத்து அப்படியே விட்டுவிடுவாள். ஆழத்திலிருந்து ஒரே சத்தம், நீளமாக, ஏறாமல் இறங்காமல் வீட்டுக்குள் நிற்கும். அது என்ன என்று நான் கேட்டதில்லை. பக்கத்தில் போய் இருந்துகொள்வேன். விரல் உளைந்து அவள் எடுக்கும்வரை இருப்பேன்.

உன் மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. அவளுடைய ஒரே தம்பி, அவளை உம்மா இடத்தில் வைத்திருந்தவர். மார்க்கத்தில் இறுக்கமானவர் என்பதும் உனக்குத் தெரியும். ஒரு வெள்ளி ஜும்ஆ தொழுகை முடிந்து நேரே வீட்டுக்கு வந்தவர் வாசலில் நின்றபடியே, "மச்சான், குறை நினைக்காதீங்க. நோயாளி இரிக்கிற வீட்டுல ஓதுற சத்தம் கேக்கணும். ரோட்டு வரைக்கும் இப்பிடி மியூசிக் கேட்டா ஆக்கள் என்ன நினைப்பாங்க?" என்றார்.

"இது மியூசிக் இல்ல. ஒங்கட ராத்தா கதைக்கிறா" என்றேன்.

"மிஷின்தான் கதைக்கிது."

"அப்ப ஒங்கட காதுக்கு மாட்டியிரிக்கிற மிஷின்? அது மட்டும் ஹலாலா?"

நான் அப்படிக் கேட்டிருக்கத் தேவையில்லை. அவர் காது மந்தம் குறித்து ஒருநாளும் யாரும் கதைப்பதில்லை. முகம் கறுத்துப் போனது. உன் உம்மா அவரைப் பார்த்து விரலை இழுத்தாள். தணிவாக, வளைவு வளைவாக, சின்னப் பிள்ளையைச் சமாதானப்படுத்துவதுபோல. அவர் கேட்டாரா இல்லையா தெரியாது. சலாம் சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு வருவதைக் குறைத்துக்கொண்டார். அவள் ஒவ்வொரு வெள்ளியும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மாரி தொடங்கியபோது அந்த மாதம் வந்தது. உன் கம்பெனியில் சம்பளம் இழுபட்ட மாதம். காலையில் டெப்பைத் திறந்தால் சதுரத்தைக் காணவில்லை. சந்தா முடிந்தது, புதுப்பிக்கவும் என்று ஒரு பலகை. அவள் பலகையைத் தொட்டாள். திரும்பத் தொட்டாள். தான் ஏதோ பிழையாகத் தட்டிவிட்டதாக நினைத்து என்னைக் குற்றவாளிபோல் பார்த்தாள். உன்னை அழைத்தேன். அவள் என் பக்கத்தில்தான் இருந்தாள். "அந்த ஆப் பூட்டிட்டுது மகன்" என்றேன். "கார்ட்ல காசில்ல வாப்பா. விளையாட்டுச் சாமான்தானே, சம்பளம் வந்ததும் கட்டுறன். ஒங்களுக்குச் செலவுக்கு இரிக்கா?" என்று கேட்டாய். உன்மேல் ஒரு சொட்டுப் பிழையும் இல்லை. நீ சாப்பிட்டாயா இல்லையா என்றே எங்களுக்குத் தெரியாத நேரம் அது. உண்மையைச் சொல்லட்டுமா என்று கண்ணால் அவளைக் கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பினாள். "இரிக்கி மகன், அவசரமில்ல" என்று வைத்துவிட்டேன்.

என் வங்கிக் கார்டைப் போட்டுப் பார்த்தேன், ஏற்கவில்லை. மழையோடு மழையாகத் த்ரீவீலில் கல்முனை வங்கிக்குப் போனேன். வெளிநாட்டுக் கட்டணத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், சில நாள் எடுக்கும் என்றார்கள். "என்ன வாங்கப் போறீங்க ஹாஜியார்?" என்று அங்கிருந்த பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டான். என் மனைவியின் குரலை என்று எப்படிச் சொல்வது? "மருந்து" என்றேன். படிவத்தை வாங்கிக்கொண்டு நனைந்து திரும்பினேன். வீட்டில் மறுபடி அந்த மௌனம். முதல் தடவை அவள் பேச்சு போனபோது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு திகைப்பு இருந்தது. என்ன நடந்தது என்று விளங்கவே நாள் பிடித்தது. இரண்டாம் தடவை அப்படியில்லை. ஒழுங்காக விளங்கியது. அவள் கோப்பையைத் தட்டக்கூட இல்லை. கஞ்சியை வாய்க்குக் கொண்டுபோனால் உதட்டைத் திறக்க மறுத்தாள்.

இதற்கிடையில்தான் உன் மாமா வந்தார். ஒழுங்கையில் வெள்ளம், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே வந்திருந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள், ராத்தா சாப்பிடுவதில்லை என்று. கட்டிலருகில் இருந்து அவள் கையைப் பிடித்தார். பிறகு, "என்ன ராத்தா, சும்மா படுத்திரிக்கீங்க? அந்தச் சாமான் எங்க? சத்தத்தையே காணல்ல" என்றார். அவள் தலையணையின் பக்கத்திலிருந்த டெப்பை எடுத்து அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுப் பலகையை வாசித்தார்.

"என்ன மச்சான், பூட்டிப் போட்டாங்களா?"

"இந்த மாசம் காசு கட்டுப்படல்ல."

"கதைக்கிறத்துக்கும் காசா?" என்று கேட்டவர், நான் பதில் சொல்வதற்குள், மக்காவுக்கு உம்ரா போகும்போது எடுத்த கார்டைப் பேர்ஸிலிருந்து உருவினார். நீ முன்னரே சொல்லித்தந்திருந்த கடவுச்சொல்லை நான் அடித்தேன். அவர் எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார். சதுரம் வந்தது. உன் உம்மா விரலை வைத்தாள். பிறகு, என்னைக் கூப்பிடும் இழுவையும் இல்லை, உன்னைக் கூப்பிடுவதும் இல்லை, நான் கேட்டிராத ஒரு குறுகிய, துள்ளலான சத்தம் கொடுத்தாள். மாமா காதிலிருந்த மிஷினைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். "இன்னொருக்கா" என்றார். அவள் இன்னொரு தரம் கொடுத்தாள். அவர் எழும்பிப் போய் ஜன்னலருகில் நின்றுகொண்டார். அது, சின்ன வயதில் அவள் அவரை மட்டும் கூப்பிட்ட செல்லப்பெயராம். அவர்களுடைய உம்மாவும் வாப்பாவும் போன பிறகு அந்தப் பெயரைச் சொல்ல உலகத்தில் அவளைவிட்டால் ஆள் இல்லை என்று, போகும்போது வாசலில் வைத்துச் சொன்னார். அந்த மாதத்தை அவர் கட்டியது உனக்குத் தெரியாது. அடுத்த மாதம் உன் கார்டிலிருந்தே போனது. நீ அவரோடு கதைக்கும்போது இதை அறிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. ஆனால் அடிக்கடி கதை.

மகன், இன்ஷா அல்லாஹ் உனக்கும் பெண் பார்ப்போம். இதுவரை உனக்குச் சொல்லாத ஒரு புத்திமதியைச் சொல்கிறேன். வீட்டில் ஒருத்தி சொல்லும் சொற்களுக்குப் பதில் சொல்லிவிட்டால் கதைத்ததாகிவிடும் என்று இருந்தவன் நான். சொல் போன பிறகுதான் அவள் இழுவையைக் கேட்கத் தொடங்கினேன். அவள் சோர்வாக இருந்ததும், கோபமாக இருந்ததும், என்னைச் சும்மா கூப்பிட்டுப் பார்த்ததும் எல்லாம் முன்னரும் அந்தக் குரலில் இருந்திருக்கும். நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என்னைவிட முன்னரே கேட்கத் தொடங்கு.

அவளுக்கு இரண்டாவது தரம் பாரிசவாதம் அடித்த செய்தி உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கடைசிப் பின்னேரம் நடந்ததை மட்டும் எழுதிவிட்டு முடிக்கிறேன். அசறு தொழுதுவிட்டு வார்டுக்குப் போனேன். பெண்கள் வார்டு, ஆண்கள் தங்க முடியாது, பார்க்கும் நேரத்தில் மட்டும் போகலாம். மாமாவின் வீட்டிலிருந்து உன் மாமி வந்து பக்கத்தில் இருந்தாள். உன் உம்மாவின் கண் திறந்திருந்தது. இடது கையைக் கொஞ்சம் தூக்கிப் பையைக் காட்டினாள். டெப்பை எடுத்துச் சத்தத்தைக் குறைத்து, அவள் விரல் எட்டும்படி சாய்த்துப் பிடித்தேன். அவள் நடுவில் தொடங்கினாள். மூடிய சத்தம். மெதுவாக ஏறியது, ஏற ஏறத் திறந்தது. எல்லா இழுவையும் கடைசியில் கீழே வந்து முடியும், அல்லது கேள்வியாகத் தூக்கி நிற்கும். இது இரண்டும் செய்யவில்லை. மேலே போய் அங்கேயே நின்று, லேசாக நடுங்கி, நின்றுபோனது.

"என்ன புள்ள? இன்னொருக்கா சொல்லு."

திரும்பவும் அதையே சொன்னாள். அச்சொட்டாக அதே.

"தண்ணியா?" இல்லை. "மகனுக்குப் போன் எடுக்கவா?" கண்ணை மூடித் திறந்தாள், அது ஓமா, இல்லையா, தெரியவில்லை. மூன்றாம் தரம் தொடங்கியபோது விரல் வழுக்கிச் சதுரத்துக்கு வெளியே போய்விட்டது. அதைத் திரும்பத் தூக்கி வைக்க அவளால் முடியவில்லை. நேரம் முடிந்தது என்று தாதி மணி அடித்தாள். உன் உம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். காத்திருக்கும் பார்வை. நான், "ஓம்" என்றேன். "ஓம் புள்ள, சரி, ஓம்." அவள் முகம் இளகியது. நெற்றிச் சுருக்கம் போனது. கண்ணை மூடினாள். விடிய சுபஹுக்கு மாமி போன் எடுத்து அழுதாள். மதியம் லுஹர் தொழுதபிறகு அடக்கினோம். நீ போனில் பார்த்தாய்.

என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியாது, மகன். அதனால் நினைவில் வருவதையெல்லாம் செய்துகொண்டிருக்கிறேன். நோயில் அவள் விட்ட நோன்புகளுக்காக ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்தேன். அலுமாரியில் மீந்த அபாயாக்களைக் குமர்ப்பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குக் கொடுத்தேன். மாமாவின் வீட்டுக்குப் போய், காது மிஷினைப் பற்றிச் சொன்னதற்கு மாப்புக் கேட்டேன்; அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. உனக்குச் சொல்லச் சொல்லித்தான் கேட்டாளோ என்று இதையும் எழுதிவிட்டேன். வேறு ஏதாவது உனக்குத் தோன்றினால் சொல், செய்கிறேன். ஆனால் இந்தக் கிழமை முழுக்க எனக்கு வேறொரு எண்ணம். அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் தலை ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தது. மேலே போய் அங்கேயே நின்ற சத்தம். தலையணையைக் கொஞ்சம் உயர்த்திவிடச் சொல்லியிருப்பாள். அவ்வளவாகத்தான் இருந்திருக்கும். நான் ஓம் என்று சொல்லிவிட்டு, டெப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வாப்பா